ஆறு ஓங்கில், ஒன்று குட்டி: அனுமந்தைக் கடற்கரையில் ஒரு காலைக் காவல்

அன்று அனுமந்தைக் கடற்கரையில் இருந்தவர்கள்: நான், அந்த ஊர் மீனவர் வீட்டுப் பெண் செல்வி அக்கா, எங்கள் குழு அன்றைக்கு வாடகைக்கு அமர்த்திய ஆட்டோவின் டிரைவர், கோட்டக்குப்பத்து சலீம் பாய். மரக்காணத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் என் நாத்தனார் ஸ்டெல்லா. கடலில் இருந்தவர்கள் ஆறு பேர். அவர்களைப் பற்றி இடம் வரும்போது சொல்கிறேன்.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கடலில் கடற்படைப் பயிற்சி நடக்கும் நாட்களில், அந்தப் பகுதிக்குள் டால்பினோ திமிங்கலமோ இருக்கிறதா என்று கரையிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு தன்னார்வக் குழு வைத்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, "அண்ணி, நாளைக்கு ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" என்று கேட்டாள். அதுவரை கடற்கரைக்குப் போனால் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவள் நான். மாதாவை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

திண்டிவனத்திலிருந்து சாயங்காலம் நாலு பத்துக்கு பஸ். மரக்காணத்துக்கு முப்பத்திரண்டு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். மரக்காணம் நெருங்கும்போது உப்பளம் ஆரம்பிக்கும். பாத்திகளில் வானம் அப்படியே கிடக்கும். வரப்பு ஓரத்தில் உப்புக் குவியல்கள் பொழுது சாயும் நேரத்தில் ரோஜா நிறமாகும். பக்கத்து சீட்டில் ஒரு பையன் கடைசிவரை போனில் வீடியோ பார்த்துக்கொண்டே வந்தான். பாவம், நல்ல காட்சியை விட்டுவிட்டான்.

அன்று ராத்திரி ஸ்டெல்லா எனக்குப் பாடம் எடுத்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்; மற்றதெல்லாம் நூலகத்திலும் போனிலும் நானாகப் படித்தது. டால்பினுக்குத் தமிழில் ஓங்கில் என்று பெயர் இருப்பதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். சொன்னதும் ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம். "அதையே சொல்லுங்க அண்ணி, செல்வி அக்காவும் அப்படித்தான் சொல்லும்" என்றாள். இந்தச் சந்தோஷம்தான் பிறகு எங்கள் காலை வாரியது.

அவள் விளக்கியது இதுதான். ஓங்கிலுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கலங்கிய தண்ணீரில் தானே சத்தம் கொடுத்து, அது திரும்பி வருவதைக் கேட்டுத்தான் மீனையும் தேடும், குட்டியையும் தேடும். மறுநாள் பயிற்சியில் தண்ணீருக்கு அடியில் பலத்த ஒலி எழுப்பப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஓங்கிலின் காது அதில் கெட்டுப் போகலாம், தாயும் குட்டியும் பிரிந்து போகலாம். ஒன்பது மணிக்குப் பயிற்சி. அதற்குள் ஓங்கில் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால், அது விலகிப் போகும்வரை நிறுத்தி வைப்பார்கள். நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு சலீம் பாய் வந்தார். அனுமந்தை சுமார் பத்து கிலோமீட்டர். "கடல்ல மீன் பாக்குறதுக்கா இந்நேரத்துல? மார்க்கெட்ல எட்டு மணிக்கே படுக்க வச்சிருப்பாங்களேம்மா" என்றார். அது மீன் இல்லை, நம்மைப் போலப் பால் கொடுத்து வளர்ப்பது என்று சொன்னேன். "அல்லா எதையெல்லாம் படைச்சிருக்கான் பாருங்க" என்றார்.

அன்று பயிற்சி முடியும்வரை மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. செல்வி அக்கா மணலில் ஒரு தார்ப்பாய் விரித்துக் காத்திருந்தார். பைனாகுலரை நான் திருப்பிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "அப்டிப் பாத்தா ஓங்கிலு கொசு சைஸ்லதான்மா தெரியும்" என்றார். அதோடு நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் கடலைப் பார்த்தபடி சொன்னால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழே கால் இருக்கும். செல்வி அக்கா என் தொடையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். "தோ! தோ! மூச்சு வுடுது பாரு!"

சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்தது. துடுப்புக்குக் கீழே காளை மாட்டுக்கு இருப்பதுபோலச் சின்னத் திமில். பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்று. கடைசியாக, அந்த ஐந்தில் பெரிய ஒரு முதுகோடு ஒட்டியபடி, தண்ணீரை விட்டு ஒழுங்காக வெளியே வரக்கூடத் தெரியாத ஒரு குட்டி. மூக்கை மட்டும் நீட்டித் தொப்பென்று விழுந்தது. ஸ்தோத்திரம் என்று கத்திவிட்டேன். முங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் எழுகின்றன என்று மணி உருட்டிப் பார்த்தேன். நான்கைந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்வதற்குள் மேலே வந்துவிடும். குட்டி இரண்டுக்கே வந்துவிடும்.

உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அந்தக் கரையில் சிக்னல் மோசம், காற்று வேறு. "ஸ்டெல்லா, ஓங்கில் ஆறு! அதுல ஒண்ணு குட்டி!" என்று கத்தினேன். "சரி அண்ணி, உடனே அனுப்புறேன்" என்றாள். பயிற்சிக்காரர்களுக்குச் செய்தி அனுப்புவாள் என்று நிம்மதியாகத் தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் என்னை இறக்கிவிட்டுப் போன சலீம் பாயின் ஆட்டோ எட்டு மணி தாண்டித் திரும்பி வந்தது. இரண்டு கையிலும் பார்சல்.

"யம்மா, ரெண்டு பேர்தான இருக்கீங்க? ஆறு பொங்கலா?"

"யாருங்க பாய் பொங்கல் கேட்டது?"

"நீங்கதான் கேட்டீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. அதுல ஒண்ணு கெட்டியா வேணுமாமே. ஓட்டல்ல கேட்டேன், ஒரே அண்டாதான் பாய், இதுல எங்க கெட்டி எங்க தண்ணின்னு கலாய்க்கிறான்."

செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் படகடியில் சீட்டாடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் விஷயம் உறைத்தது. ஓங்கில் பொங்கலாகி, குட்டி கெட்டியாகிவிட்டது. அப்படியானால் எங்கள் செய்தி யாருக்கும் போகவில்லை. ஒன்பதுக்குப் பயிற்சி. எதிரே குட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது.

போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன், சிக்னலே இல்லை. "ரோட்டாண்ட போனா டவர் ஃபுல்லா கெடைக்கும், பாயோட போ. நான் கண்ண எடுக்காம பாத்துக்கறேன்" என்று செல்வி அக்கா பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டார். பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மணல் பாதையில் பாய் ஓட்டிய ஓட்டில் சாம்பார் என் புடவைக்கு வந்துவிட்டது.

ஈ.சி.ஆர். ரோட்டு ஓரத்தில் மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"ஸ்டெல்லா, டால்பின்! டால்பின் ஆறு! டி.வி.ல வருமே, அது!"

"ஐயோ அண்ணி, அப்ப பொங்கல்?"

"பொங்கல நான் கேக்கவே இல்லடி! குட்டியோட நிக்குது, சீக்கிரம் சொல்லு!"

அவள் வைத்துவிட்டாள். நானும் பாயும் ஆட்டோ பக்கத்தில் நின்றோம். பாய் அவருடைய துஆவைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன். எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. நிறுத்தி வைத்துவிட்டார்கள், ஓங்கில் விலகிப் போய், அதன் பிறகு அரை மணி நேரம் கண்ணில் படாமல் இருந்தால்தான் ஆரம்பிப்பார்கள். பாய் ஹாரனை அழுத்திக்கொண்டே கரைக்கு ஓட்டினார்.

செல்வி அக்காவிடம் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஓங்கிலுக்காவ நிறுத்திட்டாங்க, செரி. பயிற்சி முடிய லேட்டானா எங்க படகு எறங்கவும் லேட்டாவுது. எங்களுக்கு யாரு போன் போடறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது. அதை ஸ்டெல்லாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. சீட்டாடிய பையன்கள் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆறு பொங்கலையும் பிரித்து எல்லோரும் சாப்பிட்டோம். "டேய், குட்டி எகிறுதுடா!" என்று ஒருவன் கத்துவான், எல்லோரும் வாயில் பொங்கலோடு எழுந்து நிற்போம். ஒன்பதரை வாக்கில் கூட்டம் தெற்கே திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போனது. கடைசியாகப் பார்த்தபோதும் குட்டி தாயின் பக்கத்திலேயே இருந்தது. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் மாதா பிரார்த்தனையும் சொன்னால் எனக்குச் சரியாக அரை மணி. சொல்லி முடித்தேன். கடல் வெறுமையாகவே இருந்தது. ரோட்டுக்குப் போய், போய்விட்டது என்று ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், பழைய புடவை அல்லது சுடிதார். கழிவறைக்குச் செல்வி அக்கா வீடு. எனக்கு மொத்தச் செலவு பஸ்ஸுக்கு அறுபத்து நாலும் டீக்கு முப்பதும்தான். ஆட்டோ ஆயிரத்து இருநூறைக் குழு கொடுத்தது. செய்தி சொல்லும்போது டால்பின் என்றே சொல்லுங்கள், எதிராளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு ஓங்கில் என்ற சொல்தான் பிடிக்கும், ஆனால் அதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் விளக்கேற்றும்போது இப்போதெல்லாம் அந்தக் குட்டிக்கும் சேர்த்து ஒரு ஜெபம் சொல்கிறேன். நான் படைப்பைப் பற்றிப் பாட்டாகப் பாடியிருக்கிறேனே தவிர, அதற்காக ஓடியது அன்றுதான்.

அடுத்த பயிற்சி வருகிற மாதம். மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் செல்வி அக்கா வர முடியாது. ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்க, ஒருவர் ரோட்டுக்கு ஓட என்று கரைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அனுமந்தையை விட்டுவிடுவதாக ஸ்டெல்லா சொல்கிறாள். அப்படி விட்டால் அந்தப் பக்கம் குட்டியோடு எது வந்தாலும் யாருக்கும் தெரியாது. என்னோடு நிற்க ஒருவர் வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் கீழே பதில் எழுதுங்கள்.