உச்சியில் காய்த்த ஏலக்காய்

காதில் செருகிய பென்சிலை உருவி, பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுக்கிறார் காசிமாயன். "போடியில பஸ் ஏறும்போது மஞ்சச் சேலை. மதுரையில எறங்கும்போது பச்சைச் சேலை. பஸ்சுக்குள்ளயா மாத்துனா?" கேள்வி பக்கத்து சீட்டில் இருக்கும் எனக்கில்லை, நாவல் எழுதியவருக்கு. பதில் வராது என்று தெரிந்தும் சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார்.

குரங்கணி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். போடி ஸ்டாண்டில் ஆள் நிறைந்து லோடு சேரும்வரை ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பார். பொழுதுபோக்குக்காம். முகத்தைப் பார்த்தால் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் ஒழுகும் இடத்தைத் தேடுகிறவர் மாதிரி இருக்கும். அமாவாசைக்கு மறுநாள் நிலா காய்ந்தால் ஒரு கோடு. கொண்டை ஊசி வளைவில் கதாநாயகன் டாப் கியரில் ஏறினால் இரண்டு. "நல்லதாக ஒன்றும் கண்ணில் படாதா?" என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். "இருக்கும்ணே. அதுபாட்டுக்கு இருக்கட்டும், அதால யாருக்குத் தொந்தரவு?" என்றார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

ஸ்டாண்டு ஓரத்தில் டீக்கடை போட்டிருக்கும் சந்திரவல்லி இவருடைய மனைவி. நூலக அட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது. புத்தகத்தைக் கணவர் முதலில் படிப்பார்; மனைவி பிறகு படித்துவிட்டு, பென்சில் கோடுகளை அழித்துத் திருப்பிக் கொடுப்பார். கதையின் ஓட்டை உடைசலெல்லாம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருக்கும். போன மாதம் சந்திரவல்லிக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடலாம்னு படிக்கிறேன் மாமா. அழுகப்போற நேரத்துல அந்தச் சேலைதான் ஞாபகத்துக்கு வருது. இந்தத் தடவை நான்தான் முதல்ல படிப்பேன். நீங்க நொட்டை சொல்லாம முடிங்க. இல்லேன்னா இனிமே என் அட்டையில ஒங்களுக்குப் புத்தகம் கெடையாது."

காசிமாயன் டீ இல்லாமல்கூட இருந்துவிடுவார். புத்தகம் இல்லாவிட்டால் லோடு சேரும் நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பாவம்தான். எனக்கென்னவோ சிரிப்பு வந்தது.

நேற்று, சந்திரவல்லி முதலில் படித்துக் கொடுத்த நாவலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எட்டிப் பார்த்தேன். கதையில் ஒரு பெண் வேலை தேடி ஏலத்தோட்டத்துக்கு வருகிறாள். முதல் நாளே குதிகாலை உயர்த்தி, உச்சிக் கிளையை வளைத்து ஏலக்காய் பறிக்கிறாள். போடிக்காரர் எப்படித் தாங்குவார்? ஏலம் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. குனிந்து பறித்தே முதுகு ஒடிந்த ஊர் இது. எனக்கே வாய் நமநமத்தது. காசிமாயனின் கை காதுக்குப் போனது. பென்சில் இல்லை. டீக்கடைப் பக்கம் பார்த்தார். அது சந்திரவல்லியின் கொண்டையில் இருந்தது.

"வல்லி, இந்தப் புள்ள எட்டிப் பறிக்கிது..."

சந்திரவல்லி திரும்பாமல் டீயை ஆற்றினார். "பறிக்கட்டும் மாமா. அடுத்த பக்கத்துல அவளுக்கு என்ன ஆவுதுன்னு பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். கதையில் மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் திருப்பினார். பிறகு நான் எட்டிப் பார்க்க முடியாதபடி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜீப் நிறைந்துவிட்டது. தோட்ட வேலைக்குப் போகிற பாண்டித்துரை பின்னாலிருந்து சீட்டைத் தட்டினார். "அண்ணே, லோடு ஆயிருச்சு. வெரசா எடுங்க."

"இருப்பா. அந்தப் புள்ள மழையில மாட்டிக்கிருச்சு. மொதல்ல அது எறங்கி வரட்டும்."

தலை நிமிராமலே காசிமாயன் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.