மாமாவின் ராசியான ஏழு

என் தாய்மாமா மாகாண சபைத் தேர்தலில் ஒரு முறை வென்றார், ஒரு முறை தோற்றார். இரண்டும் ஏழாம் இலக்கத்தின் வேலை. எங்கள் நாட்டில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் மட்டும் போதாது. அந்தக் கட்சியில் நிற்பவர்களில் நமக்கு வேண்டியவரின் இலக்கத்துக்கும் போட வேண்டும்.

முதல் தேர்தலில் மாமாவுக்கு ஏழு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சுவர், தண்ணீர்த் தாங்கி, கோயில் மதில் எதையும் விடாமல் ஏழு எழுதினோம். "மத்ததெல்லாம் மறந்தாலும் ஏழ மறந்துறாதீங்க" என்பதுதான் மேடையில் அவருடைய மொத்தக் கொள்கையும். வென்றார்.

அடுத்த தேர்தலில் அவருக்குப் பதினெட்டு கிடைத்தது. ஏழு, அதே கட்சியில் நின்ற கடுகண்ணாவை ஊர்ச் சீமெந்துக் கடை முதலாளிக்குப் போய்விட்டது. பழைய ஏழுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாமா விடவில்லை. வென்று கொடுத்த இலக்கமாம், ராசியானதாம், அழிக்கக்கூடாதாம். பதினெட்டைப் பக்கத்தில் சின்னதாக எழுதச் சொன்னார்.

முதலாளி ஹந்தானைப் பக்கம் தலைகாட்டாமலே வென்றார். மாமா எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்துக்கு நன்றியே இல்லை என்று திட்டித் தீர்த்தார். அவருடைய அக்காவான என் அம்மா தேத்தண்ணியை நீட்டினார்.

"எப்புடிடா தம்பி தோத்த? நீ சொன்ன ஏழுக்குத்தான் நாங்க எல்லாரும் போட்டோம்."