மொட்டு விட்ட வாரத்தில் சொன்ன பொய்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்னால் கண் பார்த்து எழுதித் தரும் சீட்டை வைத்துக்கொண்டு, லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவார். இருபத்தாறு வருடமாக அதே மெஷின், அதே ஸ்டூல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற அக்காவோடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு.

அவருடைய அறை முழுக்க ஒரு செடியின் ராஜ்யம். மழைக்காட்டு மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அபூர்வமான ஆர்க்கிட் அது. மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். ஒரு மரப்பட்டையில் தூண்டில் நரம்பால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வேர்கள் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தே பிழைக்கும். அதற்காக ஜன்னலை அடைத்து, மெல்லிய நீர்ப்புகை கக்கும் மெஷின் ஒன்றை எந்நேரமும் ஓடவிட்டார்.

"என்னடா, உன் பொண்டாட்டி குளிச்சாச்சா?" என்று அக்கா காலையில் கேட்பாள்.

"ஆச்சுக்கா. தலைதான் இன்னும் துவட்டல."

எட்டு வருடம் இலைதான் விட்டது. ஒன்பதாம் வருடம் மெல்லிய காம்பு ஒன்று நீண்டு, மிளகு மிளகாக மூன்று மொட்டுகள் வந்தன. அன்று தலைகால் புரியாமல் வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டு மாதமாக விடாத அக்காவின் இருமல் அந்த வாரம்தான் மோசமானது. டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"வீட்டுல சுவர் ஓதம் இருக்கா? பூஞ்சை ஏதாவது?" என்றார் டாக்டர்.

ஆமாம் என்றால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்; காற்று காய்ந்தால் மொட்டு உதிர்ந்துவிடும். அதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"இல்லீங்க டாக்டர். நல்ல காத்தோட்டமான வீடு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வாளியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்தவர், செடி இருந்த அறையின் பீரோவை நகர்த்தினார். சுவரில் மார்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. அதே சுவரின் மறுபக்கம்தான் அக்கா தலைவைத்துப் படுப்பாள். மெஷினை நிறுத்தினார். ஜன்னல்களைத் திறந்தார். கைத்தோல் உரியும்வரை பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். மூன்றாம் நாள் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. குப்பையோடு கூட்டித் தள்ளினார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க," என்று டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. சீட்டில் இரண்டு வரிகளை அடித்துவிட்டு வேறு எழுதினார். "அப்பவே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அக்காவின் முகத்தில் இருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிய அன்று அவள் கட்டில் ஓரம் நின்று அழுதார்.

"நானும்தானே வாயை மூடிட்டு இருந்தேன்," என்றாள் அவள்.

"ஏன்க்கா?"

"எட்டு வருஷம் காத்துக் கெடந்த. ஒரு தடவையாவது பூத்துடட்டும்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா காத்தோட்டமான வீடுன்னு நீ சொன்னியே, அப்ப எனக்கு வலிச்சுதுடா."



அக்காவின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. படி ஏற முடியாது என்பதால் தரைத்தளத்தில் வீடு பார்த்து மாறினார்கள். செடியை ஒரு நர்சரிக்கார அம்மாவிடம் கொடுத்தார்.

"பூத்தா சொல்லி அனுப்பறேன், வந்து பாருங்க சார்."

"வேண்டாம்மா," என்றார்.

இப்போது அக்கா பேசும்போது பாதியில் நின்று மூச்சு இழுப்பாள். அவர் குறுக்கே பேசுவதில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அப்படியே காத்திருப்பார்.