காட்டுச்சேவலுக்கு நான் கொடுத்த குரல்

வேட்டைப் பரீட்சை பாஸான கையோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபத்தில் மச்சாளின் பிறந்தநாள். சாப்பாடு வரத் தாமதம். அம்மாவின் தம்பி, என் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"மருமோன், நீ சுடப்போற அந்தக் கோழி எப்பிடிக் கத்தும்? ஒருக்காச் செய்து காட்டு."

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனம் நன்றாகத் தெரியும். விருந்தினர் வந்தால் டிவிக்கு முன்னால் நிற்க வைப்பார்கள். தேவாரம் பாட வேண்டும், பிறகு ஆட வேண்டும், பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த நோர்வேஜியப் பாட்டு. மாட்டேன் என்று சொல்ல எங்களை யாரும் பழக்கவில்லை. நான் எழும்பி நின்று செய்தேன். முதலில் கொதிக்கிற பானை மாதிரித் தொண்டைக்குள் ஒரு குமிழிச் சத்தம், பிறகு பல்லுக்கிடையில் "ச்சூ... வீஷ்!" மண்டபம் கைதட்டியது. அன்றிலிருந்து என் பெயர் காட்டுக்கோழி.

"எப்ப இறைச்சி?"

"செப்டம்பரிலை."

"எனக்கொரு தொடை எடுத்து வை."

"மாமா, ஒரு கோழியிலை எத்தினை தொடை இருக்கும்?"

"அப்ப நீ ஒண்டோடையே நிக்கப்போறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, ஆளாளுக்கு இறைச்சி பங்கிட்டுக் கொடுத்தேன், வாயால்.

நோர்வேஜியர் ஓர்ஹானே என்று சொல்லும் கறுத்தக் காட்டுச்சேவல் அது. வசந்தத்தில் அதைச் சுடக்கூடாது. பனி உருகும் நாட்களில் விடியும் முன்பே சேவல்கள் சதுப்பு வெளிகளில் கூடிக் கூவும், சண்டை பிடிக்கும், பேடுகள் வந்து பார்த்துத் தெரிவு செய்யும். எங்கள் வேட்டைக்குழு அப்போது புதியவர்களை ஆளுக்கொரு சதுப்புக்கு அனுப்பும். ஒளிந்திருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். போதிய சேவல் கூவினால் அந்தப் பக்கம் செப்டம்பரில் வேட்டை உண்டு. இல்லையென்றால் அந்தக் காட்டை விட்டுவிடுவார்கள். புதியவர் தான் கேட்ட சதுப்பில்தான் முதல் வேட்டைக்குப் போகலாம். ஆக, என் முதல் வேட்டை முழுவதும் எனக்குத் தந்த அந்தச் சதுப்பின் சேவல்களின் தொண்டையில் இருந்தது.

குழுத்தலைவி அனுப்பும்போது ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்: "நீ கேட்க மட்டும்தான் போகிறாய். எந்தச் சத்தமும் போடாதே."

சேவல்கள் கூவவில்லை. நான் இருட்டில் கார் ஓட்டிப் போய், இலைநிறக் கூடாரத்துக்குள் மடங்கிக் குந்தியிருந்து விறைத்தேன். கொக்குகள் கத்தின. எங்கோ குயில் கூவியது. நான் காத்திருந்தது மட்டும் வரவில்லை. காற்றில் பிழை என்றேன், நிலவில் பிழை என்றேன், கூடாரத்தை இடம் மாற்றினேன், சப்பாத்தை மாற்றினேன். சகதிக் காலோடு வேலைக்குப் போய், கூட்டத்தில் நித்திரை கொண்டேன். பக்கத்துச் சதுப்புக்காரர்கள் குழு அரட்டையில் சேவல்களின் வீடியோ போட்டார்கள். நான் கட்டைவிரல் குறி போட்டேன்.

சேவல் கூவும் பருவம் முடிகிற வாரத்தில் மாமா தொலைபேசி எடுத்தார். அவர் ஹவுகெட்டோவில் இருக்கிறார், காலைப் பஸ் ஓட்டுகிறவர், விடிய முன்பு எழும்புவது அவருக்குப் பெரிதல்ல.

"நானும் வரட்டே? துவக்கு இல்லைத்தானே?"

"இல்லை மாமா. காது மட்டும்தான்."

"அப்ப சரி. துவக்குச் சத்தம் ஊரிலை நான் கேட்டது காணும்."

அடுத்த விடியலுக்கு முன்பே இருவரும் கூடாரத்துக்குள் குந்தியிருந்தோம், மாமி தந்துவிட்ட ரோல்ஸும் தேத்தண்ணியும் மடியில். மாமாவின் மழைக்கோட்டு மூச்சு விட்டாலே சரசரத்தது. "அசையாதேங்கோ மாமா." "நான் அசையேல்லை, கோட்டுத்தான் அசையுது." வெளியே சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது.

அப்போது அது வந்து இறங்கியது. ஒன்றே ஒன்று. கண்ணுக்கு மேல் சிவப்புப் பட்டை, விரித்த வாலுக்குக் கீழே வெள்ளை. தலையைத் தாழ்த்திக் கூவத் தொடங்கியது. ஈரத்தரை முழுக்க அந்தக் குமிழிச் சத்தம் உருண்டது. பிறகு நிறுத்திக் கழுத்தை நீட்டிக் கேட்டது. பதில் இல்லை. மறுபடி கூவியது, மறுபடி நிறுத்தியது. பேடு ஒன்றும் வரவில்லை, எதிரி ஒருவரும் வரவில்லை.

"ஆளில்லாத மண்டபத்திலை கச்சேரி வைக்கிறார்," என்று மாமா என் காதுக்குள் சொன்னார். பிறகு, "தம்பி, நீ ஒருக்காச் செய்து காட்டன். வாறாரோ பாப்பம்."

குழுத்தலைவி சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. யோசித்தேன், தயங்கினேன் என்றெல்லாம் எழுத ஆசை. ஆனால் மாமா கேட்டு முடியவே என் வாய் திறந்துவிட்டது. "ச்சூ... வீஷ்!"

சேவல் அப்படியே நின்றது. பிறகு ஓடி வந்தது. சிறகடித்து, தண்ணீர் தெறிக்க, நேரே எங்களை நோக்கி. கூடாரத்துக்கு மிகக் கிட்ட வந்து, வாலை விரித்து, தன்னை அழைத்தவனைத் தேடியது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, அந்தப் பக்கம் போனது, வெறும் புல்லோடு மல்லுக்கு நின்றது. மாமா படம் எடுக்கப் போனைத் தூக்கினார். கோட்டு சரசரத்தது. சேவல் எழும்பிக் காட்டுக்கு மேலால் போய்விட்டது.

"ஐயோ, என்ன வடிவு!" மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன்ரை குரலுக்கல்லே வந்தது!"

என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன், வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அடுத்த நாள் தனியே போனேன். அதற்கடுத்த நாளும். சதுப்பு பேசாமல் கிடந்தது.

குழுத்தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எத்தனை?"

"ஒன்று. ஒருநாள்தான். நான்... நான் அதற்குப் பதில் கூவிவிட்டேன். பறந்துவிட்டது. பிறகு வரவில்லை."

எங்கள் வீடு என்றால் கத்தியிருப்பார்கள். கத்தி முடிந்ததும் சோறு போடுவார்கள். இவர் கத்தவில்லை. "சரி. அந்தப் பக்கத்தை இந்த வருடம் விடுவோம். நீயும் இனி அங்கே போக வேண்டாம்," என்றார். நன்றி சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி என்று எனக்கே தெரியவில்லை.

ஆனியில் மாமாவின் மகள் பெரிய பிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. அதே லில்லெஸ்ட்ரோம், அதே மண்டபம். மாமா பட்டு வேட்டியில் மைக்கோடு நின்றார். "காட்டுச்சேவல் என்ரை மருமோன்ரை குரலைக் கேட்டு ஓடி வந்தது, நான் கண்ணாலை கண்டனான்! தம்பி, வா, ஒருக்காச் செய்து காட்டு!" எல்லா மேசைகளிலும் தலைகள் திரும்பின. யாரோ, "என்ரை தொடை எங்கை?" என்றார்.

மைக் என் கையில் இருந்தது. உதடு தானாகக் குவிந்தது. அப்படியே நின்றேன்.

"வேட்டை இல்லை," என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. "அங்கை ஒண்டுதான் நிண்டது. அதையும் நான்தான் கலைச்சனான். இனிச் செய்ய மாட்டன் மாமா."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாவின் முகம் சுருங்கியது. மகளின் விழாவில், எல்லாருக்கும் முன்னால், மருமகன் அவருக்கு மாட்டேன் என்றுவிட்டான். மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மாமா அதை என்னிடமிருந்து வாங்கினார். தொண்டையைச் செருமினார். "அப்ப நான் செய்யிறன்," என்று சொல்லி, கன்னம் இரண்டையும் ஊதி, பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம் போட்டார். பிள்ளைகள் குதித்தார்கள். மண்டபம் மறுபடி இரைந்தது.

மைக்கை மூடிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "நான் கேட்டிருக்கக் கூடாதடா," என்றார். "போ, போய்ச் சாப்பிடு."

போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கோழிக்கறிப் பாத்திரத்தின் அகப்பையை என்னிடம் நீட்டினார். நான் கத்தரிக்காய்க் கறியை மட்டும் போட்டுக்கொண்டேன்.