வெள்ளிக்கிழமை கொதிக்கும் வண்டி

பழைய வண்டி ரிப்பேர் என்பது, விற்றவன் சொன்ன பொய்யை வாங்கியவன் செலவில் கழற்றிப் பார்க்கும் தொழில். பழைய பிக்கப் வாங்கி, நடுரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போவோர் வருவோரின் இலவச யோசனைகளைக் கேட்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் உறவுக்காரர்தான். முன்னால் மூன்று பேர் உட்காரும் கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட அந்தப் பெரிய வண்டிகள் கை மாறிக் கை மாறி, கடைசியில் உறையூரில் எங்கள் அப்பாவின் ஷெட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

ஷெட்டுக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. பகலில் காலேஜில் பௌதிகம், சாயங்காலம் ஷெட்டில் அதே பௌதிகம், கிரீஸோடு. "பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்காதவர் தெருவில் யாரும் இல்லை. வண்டிக்கே ஆண் பெண் தெரியாதபோது உங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை என்று நானும் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் பழம்

ஸ்ரீரங்கத்துப் பூ வியாபாரி ராஜம்மாள் அக்கா, மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு ஒரு பிக்கப் வாங்கினார். மல்லிகை மொக்கை ஈரத்துணி சுற்றிக் கூடை கூடையாக ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் மத்தியான ரயிலில் ஏற்ற வேண்டும். ரயிலை விட்டால் மொக்கு வழியிலேயே மலர்ந்துவிடும். பட்டணத்து வியாபாரி தொடக்கூட மாட்டார். மாட்டுவண்டியால் அந்த ரயிலைப் பிடிக்க முடியவில்லை என்றுதான் அக்கா இந்தத் துணிச்சலே செய்தார்.

வாங்கும்போது பூனை மாதிரி ஓடிய வண்டி, பத்து நாளில் பின் அச்சிலிருந்து அரிசி மில் மாதிரி உறுமியது. அப்பா பின் அச்சுப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்க்குப் பதிலாகக் கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. நான் ஒரு குச்சியில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாழைப்பழம்! தேய்ந்துபோன பல்சக்கரம் சத்தம் போடாமலிருக்கப் புரோக்கர் உள்ளே பழத்தைத் திணித்து விற்றிருக்கிறான். போலீசுக்குப் போகலாம் வாருங்கள் என்று நான் குதித்தேன். அக்கா குனிந்து, பெட்டியை நிதானமாகப் பார்த்தார்.

"பூவனா ரஸ்தாளியான்னு பாரு பாப்பா. ரஸ்தாளின்னா அந்தாளு கொஞ்சம் மரியாதைக்காரன்தான்."

மாணிக்கண்ணனின் ஜாக்கிரதை

அக்காவின் டிரைவர் மாணிக்கண்ணன் இருபது வருஷ அனுபவஸ்தர். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. ஒருநாள் வண்டியின் இடது பக்கம் முழுக்கச் சிராய்ப்போடு வந்து நின்றார். பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கமாக இழுக்கிறதா என்று கேட்டேன். "அது இந்த வண்டியோட சுபாவம், பாப்பா" என்றார்.

இரும்புக்கு ஏது சுபாவம் என்று பிடித்துக்கொண்டேன். வலது சக்கரத்துக்குள் எண்ணெய் கசிந்து, அந்தப் பக்கம் பிரேக் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. இடது மட்டும் பிடிப்பதால் வண்டி அங்கே திரும்புகிறது என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். அப்பா சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எண்ணெய்க் குளம். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீதிகளில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இடது பக்கம் ஆள் வந்தா பிரேக்கைத் தொடவே மாட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை!"

தோள் கொடுப்பவர்கள்

அடுத்து செல்ஃப் எடுக்கவில்லை. டைனமோவில் கார்பன் தேய்ந்து, பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் போயிற்று. அப்பா வெளியூர் போயிருந்ததால் இரண்டு நாள் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. நான் ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்தபோது அக்கா, கூடை தூக்குகிறவர்கள், எதிர்க்கடைப் பையன்கள் எல்லோரும் தள்ள, மாணிக்கண்ணன் மட்டும் உள்ளே உட்கார்ந்து கம்பீரமாகக் கை காட்டினார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிற ஜாதியில்லை. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன். பெண்கள் வண்டி தள்ளலாமாம், ஓட்டக்கூடாதாம்! இதை உரக்கவே கேட்டேன். காவிரியில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்த ஒரு மாமா நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டிம்மா, இது வண்டியா, உத்ஸவரா? நாலு பேர் தோள் கொடுத்தாத்தான் புறப்பாடோ?"

ராகுவும் ரேடியேட்டரும்

இவ்வளவும் சரியான பிறகுதான் பெரிய கஷ்டம் வந்தது. வண்டி கொதிக்க ஆரம்பித்தது. அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். காவிரிப் பாலம் ஏறும்போது ரேடியேட்டரிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும், வண்டி நிற்கும், ரயில் போய்விடும். இரண்டு வெள்ளிக்கிழமை மல்லிகை பாழ். இன்னொரு தடவை சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பட்டணத்து வியாபாரி சொல்லி அனுப்பிவிட்டார். மாடும் இல்லை, வியாபாரமும் இல்லை என்றால் அக்கா என்ன செய்வார்?

அப்பா ரேடியேட்டரைக் கழுவினார், ஃபேன் பெல்ட்டை மாற்றினார், தண்ணீர்ப் பம்பைப் பிரித்து மாட்டினார். நான் என் பங்குக்குக் காவிரித் தண்ணீரின் உப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். ஷெட்டில் மணிக்கணக்காக என்ஜினை ஓடவிட்டாலும் வண்டி கொதிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல ராகு காலம். நாம புறப்படறது பதினொண்ணு" என்று மாணிக்கண்ணன் தீர்ப்பு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராகுவுக்கு வேறு வேலையில்லையா, மற்ற வண்டிகளெல்லாம் அதே பதினொரு மணிக்கு அதே பாலத்தில் போகவில்லையா என்று சண்டை பிடித்தேன். அண்ணன் அசரவில்லை.

"ராகுவுக்கு மத்த வண்டியெல்லாம் தெரியாது, பாப்பா. நம்ம வண்டியை அடையாளம் வெச்சிருக்கான்."

அடையாளம்

அடுத்த வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. ராகுவை நேரிலேயே பார்த்துவிடுவது என்று காலையிலேயே ஸ்ரீரங்கம் போய், கூண்டுக்குள் அக்காவுக்கும் மாணிக்கண்ணனுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். மாம்பழச்சாலை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் சொல்லிவைத்தாற்போல ஆவி வந்தது. அண்ணன் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். வண்டியின் முகப்பில் கட்டியிருந்த மாலையைப் பயபக்தியோடு அவிழ்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடிக் கம்பியில் மாட்டினார். அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார். கொதிப்பு அடங்கி, தண்ணீர் ஊற்றி மூடியதும் மாலையைப் பழையபடி முகப்பில் கட்டப் போனார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் தொடை கனம் மாலை! சாமந்தி, மருக்கொழுந்து, நடுவில் கதம்பம் என்று மூன்று அடுக்கு. ரேடியேட்டருக்குக் காற்று போகும் கம்பி ஜன்னல் பூராவையும் அடைத்துவிடும். வண்டி சரியானதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அக்காவே கட்டுவது. ஷெட்டுக்கு வந்தாலும் அப்பா முதல் வேலையாக மாலையை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். அப்புறம் எங்கே அது கொதிக்கப் போகிறது?

"பூவாவது, வண்டியை நிறுத்தறதாவது" என்றார் அக்கா. "ஊருக்கெல்லாம் பூ குடுக்கறவ, என் வண்டிக்குக் கஞ்சத்தனம் பண்ணவா?" சாமிக்கு மாலை போட்டாலும் மூக்கை அடைத்தா போடுவீர்கள், இதுதானே வண்டிக்கு மூக்கு என்று கேட்டேன். அக்கா மாலையை வாங்கி, கூண்டின் உச்சியில் கிரீடம் மாதிரி தானே சுற்றிக் கட்டினார். "மூக்குக்குக் காத்து போகணுமாம். எடு வண்டியை, பாப்போம்" என்று மாணிக்கண்ணனிடம் சொன்னார்.

வண்டி கொதிக்கவில்லை. ஜங்ஷனில் கார்டு பச்சைக்கொடியை எடுக்கும்போது கடைசிக் கூடை ஏறியது. ரயில் நகர்ந்ததும் மாணிக்கண்ணன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, "ராகு இன்னிக்கு லீவு" என்று முணுமுணுத்தார். அக்கா மாலையிலிருந்து ஒரு முழம் கிள்ளி, கிரீஸ் பட்ட என் ஜடையில் வைத்தார்.

"இன்னொரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், பாப்பா. நீயே வந்து பார்த்து வாங்கிக் குடு. வாழைப்பழம் வேணும்னா வீட்லேருந்து கொண்டாரேன்."

பழைய வண்டிக்கு வரும் வியாதிகளில் பாதி விற்றவன் வஞ்சனையில் கொடுப்பது, மீதி வாங்கியவர் பாசத்தில் கொடுப்பது. எங்கள் ஷெட்டோ இரண்டையும் நம்பித்தான் நடக்கிறது.