வாழையை அரைத்த ஞாயிற்றுக்கிழமை

மரம் வெட்டும் தொழிலுக்கு வருகிற நம்மவர்கள் எந்தக் கம்பனியின் சிப்பர் நம்பக்கூடியது என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பார்கள். நான் கம்பனிப் பெயர் சொல்வதில்லை. கிரீஸ் பூசுவீர்களா என்று திருப்பிக் கேட்பேன். உடனே ஓம் என்கிறவருக்கு எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். யோசிக்கிறவருக்கு எதை வாங்கினாலும் உதவாது. ஒரே சிப்பரைப் பதின்மூன்று வருடம் ஓட்டியவன் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

சிப்பர் என்பது லொறிக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற, மரம் அரைக்கும் மெஷின். அதன் வாயில் ஒரு கிளையைக் கொடுத்தால் இரண்டு உருளைகள் அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். உள்ளே பிளேடு பூட்டிய கனத்த இரும்புத் தட்டு ஒன்று சுழலும். ஆள் உயரக் கிளை கண் இமைப்பதற்குள் துண்டு துண்டாகி மேல் குழாயால் லொறிக்குள் பறக்கும். சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு வாசலில் அதை முதன்முதலில் நிறுத்தியபோது, பக்கத்து வீட்டு அன்ரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் மிளகாய்த்தூள் அரைக்க ஏலுமா என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் அடித்த பெருங்காற்றில் தென் இங்கிலாந்து முழுக்க மரங்கள் சாய்ந்தன. ஆளாளுக்குச் சிப்பர் வாங்கினார்கள். சாய்ந்த மரமெல்லாம் தீர்ந்ததும் ஆளாளுக்கு விற்றார்கள். அப்படி விற்ற ஒன்றைத்தான் அத்தானும் நானும் சேர்ந்து வாங்கினோம். அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்திக்கொண்டிருந்தவர். லண்டனுக்கு வந்து பாண் சுடுகிற ஒரு பக்டரியில் ஷிப்ட் செய்தார். அக்காவும் சின்ன மகளும் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் நிரந்தர வேலை இருக்கிறது என்று உறுதியான கடிதம் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பக்டரி அப்படி ஒரு கடிதத்தைத் தராது. அங்கே யாருக்கும் அடுத்த கிழமை நிச்சயமில்லை.

எனவே எங்கள் திட்டம் எளிமையானது. வடக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் பூங்கா மரங்களை வெட்டி அரைக்கும் வேலைக்கு விண்ணப்பித்தோம். அது கிடைத்தால் எங்கள் சின்னக் கம்பனியின் பெயரில் அத்தானுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுக்கலாம். அக்கா வரலாம். கவுன்சிலின் மர அதிகாரி எங்களுக்கு ஒரு நாள் பரீட்சை வைத்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஒரு பூங்கா ஓரத்தில் வெட்டிக் குவித்த கிளைகளைப் பொழுதுபடுவதற்குள் அரைத்து முடிக்க வேண்டும். மெஷின் இடையில் படுத்தால் வேலை அடுத்தவனுக்கு.

நான் பயப்படவில்லை. அந்த மெஷின் அதுவரை ஒரு தரமும் படுத்ததில்லை. ஒவ்வொரு சனியும் அத்தான் பிளேடுகளைக் கழற்றித் தீட்டுவார். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். நான் கிரீஸ் அடித்துவிட்டுத் துணியால் துடைப்பேன். மண்ணோடு வந்த வேரை நாங்கள் ஒருநாளும் அதன் வாயில் கொடுத்ததில்லை. ஆணி இருக்கும் பலகையைக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துச் சாப்பாடு கொடுத்து வளர்த்த மெஷின் அது.

பரீட்சைக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் மானம்பூ. நவராத்திரி முடிய, அம்மன் வெளியே வந்து அசுரனை அழிப்பதாக, ஐயர் ஒரு வாழைமரத்தை வாளால் வெட்டுவார். ஊரில் அது விஜயதசமிக்குத்தான் நடக்கும். லண்டனில் எந்தத் திருவிழாவும் தள்ளித் தள்ளிச் சனி ஞாயிறுக்கு வந்து சேரும். எங்களுக்கு அப்போது சொந்தக் கோவில் இல்லை. ஹரோ பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அம்மனை வைத்திருந்தோம். மண்டபத்தை மாலை ஐந்து மணிக்குத் துப்புரவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு இலை கிடந்தாலும் காவலாளி முறைப்பார்.

வாழைமரங்கள் விமானத்தில் வந்திருந்தன. வாசலுக்கு நான்கு, வெட்டுவதற்கு ஒன்று. பூசை நல்லபடியாக முடிந்தது. நான்கு மணிக்கு மண்டபத்தின் பின்முற்றத்தில் ஐந்து வாழையும் மலைபோல் கிடந்தன. குப்பைத் தொட்டிக்குள் அவை போகாது. என்ன செய்வது என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். மறுநாள் வேலைக்குப் பக்கம் என்று நாங்கள் சிப்பரையும் இழுத்து வந்து அதே முற்றத்தில்தான் விட்டிருந்தோம்.

நான் சேர்ட் கையை மடித்தேன். ஐந்து நிமிட வேலை, எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்றேன். பட்டுச் சேலைகளும் வேட்டிகளுமாக நூறு பேர் வட்டமாக நின்றார்கள். அத்தான் மட்டும் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வாழையை விடாதை தம்பி. அது நார். உள்ளை சுத்திப் போடும்."

"ஓக் மரத்தையே தின்னுற மெஷின், அத்தான். வாழை என்ன பெரிசே?"

இதை நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

முதல் வாழை அழகாக உள்ளே போனது. குழாயால் தண்ணீரும் சோற்றுக் கஞ்சிபோல ஏதோவும் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவதையும் கொடுத்தேன். மூன்றாவது பாதியில் நின்றது. மெஷினின் சத்தம் தடித்தது. பெல்ட் கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் மணம் வந்தது. அத்தான் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

மூடியைத் திறந்து பார்த்தோம். இரும்புத் தட்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் அச்சுத்தண்டைச் சுற்றி வாழைநார் கை மொத்தத்துக்கு இறுகிக் கிடந்தது. மாலை கட்டுகிற நார். அன்று காலையில்கூட மண்டபத்தில் பெண்கள் அந்த நாரைக் கிழித்துத்தான் அம்மனுக்குப் பூக்கட்டினார்கள். எவ்வளவு இழுத்தாலும் அது அறாது என்று அங்கே நின்ற நூறு பேருக்கும் தெரியும். மரத்தொழில்காரனான எனக்குத்தான் அது மறந்து போனது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. என் வாயால் அக்காவின் பயணத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மிச்ச வாழையை ஆட்கள் கத்தியால் துண்டு போட்டுப் பைகளில் கட்டிக் கொண்டுபோனார்கள். அத்தான் நல்ல வேட்டியைக் கழற்றிவிட்டு லொறியில் கிடந்த வேலை உடுப்பைப் போட்டார். கொக்கிபோல வளைத்த கம்பியால் நாரை இழுத்து இழுத்து அறுத்தார். பொழுதுபடும்வரைக்கும் பாதிதான் வந்தது. மிச்சத்துக்குத் தட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

திங்கள் விடியற்காலையில் மெஷினை இழுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டோம். கண் தெரியத் தொடங்கியதும் தட்டைக் கழற்றினோம். அதைத் தூக்க இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. இரவு முழுக்கக் காய்ந்ததில் நார் கயிறாகவே ஆகியிருந்தது. அத்தான் ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்து, ஒடிந்த அரிவாள் அலகு ஒன்றால் அதை இழை இழையாக அறுத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். ஏழரைக்கே மர அதிகாரி வந்துவிட்டார். வெள்ளைக்காரர், நெடுவல், கையில் தேநீர்ப் போத்தல். குடல் வெளியே கிடந்த மெஷினைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

வழக்கமான பராமரிப்பு என்று சொல்ல என் நாக்கு தயாராக இருந்தது. அத்தானுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பிடித்துவிட்டார்.

"உள்ளதைச் சொல்லு தம்பி. பொய் சொன்னா ஸ்டார்ட் பண்ணேக்கை பிடிபட்டிடுவம்."

சொன்னேன். அம்மன், அசுரன், வாள், வாழை, என் வாய்க்கொழுப்பு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. குனிந்து அறுத்தெடுத்த நாரில் ஒரு முழத்தை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். போன மாதம் ஒரு பெரிய கம்பனியின் புது மெஷின் நின்றுபோனதாம். கம்பனி மெக்கானிக் வரும்வரை நான்கு பேர் இரண்டு நாள் லொறிக்குள் இருந்து பேப்பர் படித்தார்களாம். பத்து மணிவரை பொறுக்கிறேன் என்றார். ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, அத்தானின் கையையே பார்த்தபடி தேநீர் குடித்தார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன் மெஷின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. சத்தத்தில் ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. அன்று முழுக்க அது ஒரு தரமும் இருமவில்லை. கடைசிக் கிளையை அரைத்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அதிகாரி ஆறு மாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டார். அது பிறகு வருடக் கணக்கில் போனது. அத்தானின் கடிதத்தை நான் நூலகத்தில் இருந்த தட்டச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

அக்காவும் மகளும் வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. வந்த முதல் கிழமையே அக்கா மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். மெஷினை நிறுத்த நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வளவுக்குக் கூட்டிப் போனேன். அத்தான் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா மெஷினைச் சுற்றி வந்து, அதன் வாயைக் குனிந்து பார்த்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வாழையின் கதையை முழுவதும் சொன்னேன். நான்தான் விட்டேன், அத்தான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விட்டேன், நீ வராமலே போயிருப்பாய் என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"நீயோ விட்டனி? தான் விட்டதெண்டெல்லோ இவர் எழுதினவர். நான் இந்த மனிசனை எவ்வளவு ஏசி எழுதினனான் தெரியுமே?"

அத்தான் பெல்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த நாட்களில் ஊரிலிருந்து கடிதம் வர ஒரு மாதம் செல்லும். வந்தால் மத்தியானம் மரத்தூள் குவியலில் உட்கார்ந்து வாசிப்பார். இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே அக்கா என்னவாம் என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"சுகமாம் தம்பி. உன்னையும் விசாரிச்சு எழுதியிருக்கிறா."