மோட்டாரில் தொங்கிய பாட்டுப்பெட்டி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எழுதியதில் பிழை இருக்கலாம், நடந்ததில் பிழை இல்லை.

பாட்டுப்பெட்டி என் ஆத்தா வீட்டுச் சீர். சாவி கொடுத்துப் பிளேட்டை வைத்தால் பாடும். முகப்புப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று சொன்ன வீட்டில், என் அறைக்குள் வந்து பேசிய வெளிக்குரல் அது ஒன்றுதான். சீராக வந்த சாமானில் புகுந்த வீட்டார் கை வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

என் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வந்ததும் மோட்டார் ஒன்று வாங்கினாக. அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகவேண்டும் என்று ஒரு யோசனை. என் கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு வளவு முற்றத்தில் உட்கார்ந்து சாக்கட்டியால் தரையில் கோடு போட்டாக. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ரோட்டுல குலுங்குமே, ஊசி துள்ளாதா?" என்றார் கொழுந்தனார்.

"ஊஞ்சல் எதுக்குடா இருக்கு? மேல்கூட்டுக் கம்பியில சின்னச் சங்கிலி போட்டுப் பலகையைத் தொங்கவிடுவோம். வண்டி குலுங்கட்டும், பலகை குலுங்காது."

ஓடுகிற வண்டியில் ஊஞ்சல் ஆடாமல் இருக்குமா? எனக்கே தெரிந்தது. ஆனால் மாமியார் முன்னால் நான் அவுகளோடு பேசக்கூடாது. தனியாகச் சொன்னபோது சிரித்துவிட்டுப் போனாக.

மாமியாரிடம் போனேன். "அயித்தை, அது என் பெட்டி."

"இல்லேன்னு யாரு சொன்னா? விக்கவா போறான்? மோட்டாருல இருக்கட்டுமே."

"மோட்டார் கொட்டகைக்கு நான் எப்படிப் போறது?"

"நீ எதுக்கு ஆத்தா அங்குட்டுப் போகணும்?"

அதோடு பேச்சு முடிந்தது. முதலில் குன்றக்குடிக்குப் போய்ப் பார்ப்போம், சரியாக வந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிடுவோம் என்று முடிவு. முருகனைக் கும்பிட மாமியாரும் கிளம்பினாக. பிளேட்டு மாற்ற நான். முன்னால் அண்ணன் தம்பி. பின்னால் நாங்கள் இருவர், எங்கள் முழங்காலுக்கு முன்னால் தொங்கும் பலகையில் பெட்டி. முன்னாலும் திரை, பக்கத்திலும் திரை. புழுக்கம் தாங்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் முதல் பள்ளத்தில் பலகை ஆடி என் முழங்காலில் இடித்தது. பிளேட்டு உடைந்துவிடுமே என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பாட்டு நிற்காமல் ஓடியது.

முன்னாலிருந்து அவுக சத்தம்: "பாத்தியாடா! சங்கிலி எப்படி நிக்குது!"

"அண்ணே, நீங்க இஞ்சினீரு!"

விட்டால் என் பிளேட்டு போகும். பிடித்தால் என் பெட்டியே மோட்டாரோடு போய்விடும். மாமியாரைப் பார்த்தேன்.

"நல்லாப் பிடிச்சுக்க ஆத்தா. நீ பிடிச்சிருக்கேன்னு சொல்லிறாதே, பிள்ளை மனசு வாடிப்போகும்."

பிடித்துக்கொண்டே போனேன். மலை வந்தது என்றார்கள். திரைக்குள் இருந்த எனக்கு மலை தெரியவில்லை. ஏறிக் கும்பிட்டு இறங்கியபோது, "நாளைக்கே ஆசாரியை வரச்சொல்லிப் பலகையை நிரந்தரமாப் போட்டுறணும்" என்று தம்பியிடம் சொன்னாக.

திரும்பும்போது எனக்கு ரொம்பப் பிடித்த பிளேட்டை எடுத்து வைத்தேன். ஊசியை வைத்தேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன ஆத்தா, பிடி!" என்று பதறிச் சத்தமாகவே சொன்னாக மாமியார். நான் அசையவில்லை.

கண்மாய்க்கரைத் திருப்பத்தில் பெட்டி வீசிப் போய்க் கதவில் மோதியது. ஊசி கீச்சென்று இழுத்தது, பிளேட்டு இரண்டாகப் போனது. வண்டியை நிறுத்தித் திரையை விலக்கினாக. தாய் உட்கார்ந்திருப்பதையும் மறந்து என்னைக் கேட்டாக: "நீ பிடிச்சுக்கிட்டா வந்தே? ஏன் விட்டே?"

நானும் மாமியார் முன்னாலேயே சொன்னேன்: "சங்கிலி பிடிச்சுக்கிரும்னு நீங்கதானே சொன்னீக."

கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவுக சிரிக்கவில்லை.

அன்றைக்கே பெட்டி என் அறைக்கு வந்துவிட்டது. மூலையில் நசுங்கியிருந்தது, பாட்டு கொஞ்சம் மூக்கால் பாடியது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்கோ தேவகோட்டைக்கோ மோட்டார் கிளம்பும்போது என்னை யாரும் கூப்பிடவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை கேட்டிருந்துவிட்டு, நான் சாவி கொடுக்க உட்காருவேன்.